லத்தி எண் முப்பத்தொன்று

காக்கி என்னுடையது.
துணி வாங்கி, கல்மண்டபம் பக்கம் தைத்தது.
விசிலும் என்னுடையது.
லத்தி மட்டும் ஸ்டேஷனுடையது, எண் முப்பத்தொன்று.
எடுக்கும்போது ஒரு கையெழுத்து, வைக்கும்போது ஒன்று.
பகலில் காசிமேட்டு ஷெட்டில் இறால் உரிக்கிறேன்.
ஐஸும் உப்பும் தின்றது போக
மிச்சம் இருப்பதுதான் என் விரல்.

ஊர்க்காவல் படை.
படை என்றுதான் பெயர்.
சம்பளம் கிடையாது, படி உண்டு.
அட்டையில் தொண்டு என்று அச்சடித்திருக்கிறது.
தொண்டுக்கு ரெயின்கோட் தருவதில்லை.
தேர், சந்தனக்கூடு, மாதா கோயில் கொடி,
ஓட்டுப்பெட்டி, மந்திரி வரும் ரோடு,
எங்கே கயிறு கட்டினாலும்
ஒரு முனையில் நான்.

அன்றைக்குக் கயிறு
கொருக்குப்பேட்டைக் கால்வாய்க்கரையில்.
நாலரை மணிக்கு லாரியில் ஏற்றினார்கள்,
எங்கே என்று சொல்லவில்லை.
கேட்டை மூடிவிட்டுக் கூட்ஸ் வண்டி போக
இருபது நிமிஷம் நின்றோம்,
அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

துப்பாக்கி வைத்தவர்கள் வேனுக்குள்.
தடுப்புத் தட்டு வைத்தவர்கள் வேனை ஒட்டி.
அவர்களுக்கு முன்னால்
பொக்லைனுக்கும் ஜனத்துக்கும் நடுவில்
நாங்கள் பதினொரு பேர்
ஒரு தேங்காய்நார்க் கயிறு.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் பூங்காவனம்.
ஷெட்டுக்குத் தினமும் ஒரே ஷேர் ஆட்டோ,
ஒரே தூக்கில் பழையது.
என்னைப் பார்த்தாள். தொப்பியைப் பார்த்தாள்.
"இன்னாடி தேசராணி,
இதுக்கு எவ்ளோ குடுப்பான் உனுக்கு?"
சொன்னேன்.
வாய்க்குள் இறால் கிலோவில் கணக்குப் போட்டாள்.
"பரவால்ல" என்றாள்.
பிறகு இடுப்பிலிருந்த கோழியை என் கையில் திணித்து,
"அப்போ இத்தப் புடி. நல்லா வேல செய்"
என்று சிலிண்டரைத் தூக்க உள்ளே ஓடினாள்.

ஒரு கையில் கயிறு, ஒரு கையில் கோழி.
லத்தியைக் கக்கத்தில் இடுக்கியிருந்தேன்.
இன்ஸ்பெக்டர் கத்தினார்,
"யோவ், யாருய்யா அது கோழியோட?"
"ஊர்க்காவல் சார்" என்று யாரோ சொன்னார்கள்.
"ஓ" என்றார்.
அதற்குமேல் கேட்க அதில் ஒன்றுமில்லை என்பதுபோல.

கல் எந்தப் பக்கமிருந்து வந்தது
எனக்குத் தெரியாது.
நடுவில் நிற்பவளுக்கு எல்லாக் கல்லும்
முன்னால் இருந்துதான் வருகிறது.

ஸ்டான்லியில் நோட்டுப் போட்டு எழுதுகிறவன்
நிமிராமல் கேட்டான்.
"போலீஸா?"
இல்லை.
"பப்ளிக்கா?"
காக்கியைக் குனிந்து பார்த்துக்கொண்டேன்.
ரத்தம் காக்கியில் சிவப்பாகத் தெரிவதில்லை,
டீ சிந்தியதுபோல் இருக்கும்.
"பப்ளிக்கும் இல்லபா."
அவன் பேனாவை உதறினான்.
அந்தக் கட்டத்தில் சின்னதாக ஒரு கோடு இழுத்தான்.
நாலு தையல்.
கட்டிலுக்கடியில் கோழி
யாருடைய செருப்பையோ கொத்திக்கொண்டிருந்தது.

மறுநாள் பேப்பரில்
காவலர் இருவர் காயம்.
மூன்று பேர் ஒரே ஆட்டோவில் போனோம்.

ஸ்டேஷனில் என் தலையைப் பார்த்து
ஏட்டம்மா உச்சுக் கொட்டினாள்,
ஏலக்காய் டீ வாங்கித் தந்தாள்.
பிறகு நோட்டைத் திருப்பினாள்.
"லத்தி எங்க?"
கால்வாயில் என்றேன்.
படியில் பிடித்துக்கொண்டார்கள்.

கோழி இப்போது என்னிடம்,
மீன் பெட்டியில், விசில் கயிற்றில் கால் கட்டி.
விடியற்காலை ரேஷன் கோதுமைக்காகக்
காக்கிச் சட்டைமேல் ஏறி எச்சம் போடுகிறது.

பூங்காவனத்துக்குப் பெரும்பாக்கத்தில் எட்டாவது மாடி.
லிஃப்ட் வேலை செய்யவில்லையாம்.
ஷெட்டுக்கு வர மூன்று பஸ்,
ஒரு வாரம் வந்தாள், நின்றுவிட்டாள்.
நேற்று ராத்திரி போன்.
தலையைப் பற்றிக் கேட்கவில்லை.
நானும் வீட்டைப் பற்றிக் கேட்கவில்லை.
"முட்ட வெச்சுதா?"
ரெண்டு என்றேன்.
கொஞ்ச நேரம் அங்கே காற்று மட்டும் அடித்தது,
எட்டாவது மாடிக் காற்று.
"ஒண்ணு நீ துன்னு" என்றாள்.
"ஒண்ணு கணக்குல வையி."